பலவேசம் கேட்ட ஆற்றுத் தண்ணீர்

ஆவணி 9

போன மார்கழியில் வெள்ளம் வந்து ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றதே, அதற்கடுத்த ஆவணி இது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் தேன்மொழி எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கிறவள்.

வாழைத்தார் வண்டி இடித்து மடங்கிய என் மொபட்டை இன்சூரன்ஸ்காரர் சுற்றிப் பார்த்தார். "ரைட் ஆஃப், அண்ணாச்சி" என்றார். அப்படியென்றால் என்ன என்று தேன்மொழியைக் கேட்டேன்.

"தேறாதுன்னு எழுதித் தள்ளியாச்சுன்னு அர்த்தம் மாமா. வராத கடனுக்கும் சொல்லுவாங்க."

"ஆளுக்கு?"

"ஆளுக்கும்தான்" என்றாள், பைய.

ஆவணி 14

ஒர்க்‌ஷாப் இன்பமணி மொபட்டை நிமிர்த்திவிட்டான். ஒரு பக்கமாய்ச் சாய்ந்து ஓடுகிறது. ஓடுகிறதே!

ஆவணி 17

பலவேசத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரைட் ஆஃப்.

நான், அவன், அம்மையப்பன், முத்துமாலை — நாலு பேரும் ஒரே நாளில் நூல் மில்லில் சேர்ந்தோம். முதல் சம்பளத்தில் ஒரே துணியில் சிவப்புச் சட்டை தைத்துக் கல்யாண வீட்டுக்குப் போனால், பேண்டு செட்டு என்று பின்வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். இவனும் போய்விட்டால் இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பேன்?

ஆவணி 18

சிரிப்பு அடங்கவில்லை! சாவுப் பந்தலுக்குக் கம்பு வந்து இறங்கியாயிற்று. சொந்தமெல்லாம் வரிசையில் நின்று கடைசித் தண்ணீர் விடுகிறது. என் முறை வந்தது. விட்டேன். துப்பினான்! கண்ணைத் திறந்தான்.

"ஏலே காசிலிங்கம், கொழாத் தண்ணிலா இது? சாவப் போறவன ஏமாத்துதியோ? ஆத்துத் தண்ணி வாயில படாம நான் போவ மாட்டேன்!"

அவன் மகள் பிரம்மநாயகி பதறினாள். "மாமா, ஒரு எட்டு ஆத்துக்குப் போயிட்டு வாங்களேன்."

போனேன். பாபநாசம் படித்துறையில் சொம்பு நிறைய மொண்டேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர். அப்போதுதான் உறைத்தது — இது வாயில் படாமல் போக மாட்டான் அல்லவா? கொட்டிவிட்டேன். வரும் வழியில் தெருக்குழாயில் பிடித்துக்கொண்டேன்.

துப்பினான்.

ஆவணி 19

துப்பினான். திட்டினான். திட்டிய களைப்பில் கஞ்சி குடித்தான்.

ஆவணி 22

"சண்டாளப் பய, கண்ணு முன்னால நிக்காத!" என்று எழுந்து உட்கார்ந்தே திட்டுகிறான். இட்லி உள்ளே போகிறது. பிரம்மநாயகி என்னைத் தனியே கூப்பிட்டாள். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். "நாளைக்கும் கொழாத் தண்ணியே கொண்டாங்க மாமா" என்றாள்.

ஆவணி 25

பந்தல் கம்பைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

புரட்டாசி 6

"ஒன்ன நம்புனா ஆவாது, வண்டிய எடுலே!" என்று பின்னால் ஏறிக்கொண்டான். தேறாத வண்டியில் தேறாத ஆள். தேன்மொழி வாசலில் நின்று கத்துகிறாள், "மாமா, பைய!"

படித்துறையில் அவன் குனிந்தபோது பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தான். பார்த்துக்கொண்டே நின்றேன். நிமிர்ந்தான். ஒரு ஏப்பம்.

"செவப்புச் சட்ட ஞாபகம் இருக்காலே?"

சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

எழுது தாயி. முத்துமாலை போய் வெகுகாலம். அம்மையப்பன் கொரோனாவில் போனான். என்னை எண்ணாதே, நான் சொல்லுகிறவன். பலவேசம் இருக்கான்.