சேம்புப் பாத்திக்கு அடியில்

ஏரவாடா, பூனா
22 மே 1984

பிரியமுள்ள ஃப்ளோராவுக்கு,

தேவ கிருபையால் நான் சுகம். நாசரேத்தில் நீயும் பாப்பாவும், மாமாவும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் பெரிய செய்தி: நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது! சொட்டுச் சொட்டாக அல்ல, அடுப்பில் உலை வைத்துத் திரும்புவதற்குள் குடம் நிறைகிறது. உன் புருஷனை லேசுப்பட்ட ஆள் என்று நினைத்துவிடாதே.

ஊர் பெருத்துக்கொண்டே போகிறது, அணையும் கூடவே பெருக்குமா? ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினால்தான் என்ன! அதனால் முதலில் ஒழுகுகிற தண்ணீரைப் பிடிப்போம் என்று எங்கள் இலாகாவில் முடிவு செய்தார்கள். நம் பகுதிக்கு மேஸ்திரி நான்தான்.

சோதனை எளிது. எல்லா வீட்டுக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். அப்போதும் பைப்பில் ஓட்டம் இருந்தால், மண்ணுக்கடியில் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஆனால் நம் சந்தில் குழாயை யார் மூடுகிறார்கள்? தண்ணீர் எப்போது வருமோ என்று திறந்தபடியே விட்டு, கீழே குடத்தை வைத்துவிட்டுப் போகிற கூட்டம் அல்லவா! பாதி வீடுகளில் திருகே கிடையாது. வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன், திருகு இல்லாதவர்களுக்குக் கட்டையைச் செதுக்கி அடைத்துக் கொடுத்தேன். மேட்டு வீட்டு ஜமீலா மட்டும், வராத தண்ணிக்கு மூடி எதுக்கு அண்ணே என்று கேட்டாள்.

அவள் பேரைக் கேட்டாலே உனக்குப் பற்றிக்கொண்டு வரும், தெரியும். தண்ணி டிபார்ட்மென்ட்காரர் பெண்டாட்டியும் நம்மோட லைன்ல நிக்குது பாருங்கடி என்று பொதுக் குழாயடியில் அவள் சிரித்ததற்குத்தானே நீ பெட்டியைக் கட்டினாய்? குழாயில தண்ணி வந்தா எழுதுங்க, அப்பந்தான் வாரேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறினாய்.

சரி, கேள். எல்லாக் குழாயும் மூடியாயிற்று, ஓட்டம் நிற்கவில்லை. இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மேல்முனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே சந்து நெடுக நடந்தேன். சத்தம் எங்கே பலமாகக் கேட்டது தெரியுமா? நம் வீட்டுப் பின்பக்கம், உன் சேம்புப் பாத்தியில்! இந்த வெயிலிலும் முறம் முறமாக இலை விட்டதே, அளுவடி என்கிற இலைப் பலகாரம் செய்ய மராட்டிப் பெண்கள் கேட்டு வாங்கிப் போய், ஃப்ளோராவுக்கு நல்ல கைராசி என்று புகழ்ந்தார்களே, அதே பாத்தி. அடப்பாவமே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தோண்டத்தான் வேண்டியிருந்தது, கோபித்துக்கொள்ளாதே. இரண்டு பைப்புகளைச் சேர்க்கிற இடத்தில் ஈயம் விட்டுப்போய், நமக்கும் மேட்டு வீடுகளுக்கும் வர வேண்டிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு செடியும் மிஞ்சவில்லை. ஆனால் அதை அடைத்துத் திறந்துவிட்டதும் மேட்டிலிருந்து ஜமீலா போட்ட சந்தோஷக் கூச்சல் சந்து முழுக்கக் கேட்டது. எனக்குச் சொல்ல ஓடி வந்தவள் குழியைப் பார்த்துவிட்டு நின்றாள். அக்கா ஆசையா வச்ச தோட்டமா அண்ணே போச்சு, அக்கா எப்ப வருவாங்க என்று கேட்டாள். நான் மண்ணை இழுத்துக் குழியை மூடத் தொடங்கினேன்.

வெளியே மார்தட்டிக்கொண்டுதான் திரிகிறேன், ஃப்ளோரா. வீட்டுக்குள் வந்தால் சோறு இறங்கவில்லை. இந்த ஊரில் எந்தப் பைப்பையும் என்னால் சரி செய்ய முடியும். மழை பொய்த்தால் என்ன செய்வேன்? இந்தக் குழாயும் ஒருநாள் மறுபடி வறளும், சந்தும் மறுபடி சிரிக்கும். அன்றைக்கும் நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் வந்துவிட்டது என்பதற்காக நீ வர வேண்டாம். நான் கூப்பிடுகிறேன் என்பதற்காக வா.

பாப்பாவுக்கு என் முத்தம். வழியெல்லாம் கர்த்தர் உங்கள் இருவர் கையையும் பிடித்துக் கூட்டிவரட்டும்.

என்றும் உன்,
ஹெர்பர்ட்