கிளையில்லாமல் வரைந்த சங்கிலி

அன்புள்ள அக்கா,

இன்று காலை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, சலவைத்தூள் விற்க வந்த ஒருவர் வாளித் தண்ணீரைக் கையால் அடித்து, நுரையை முழங்கை உயரத்துக்கு எழுப்பிக்கொண்டிருந்தார். "நுரையப் பாருங்கக்கா, நுரையப் பாருங்க" என்று அவர் கூவக் கூவக் கூட்டம் சேர்ந்தது. அந்தக் காரமான வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் மீதுதான் எரிச்சல் வந்தது. மறைந்தவர் மீது எரிச்சல் கொள்வது பண்பன்று என்பதை அறிவேன். ஆயினும் நமக்குள்ளிருந்த வழக்கு இன்னும் தீரவில்லை. நீங்கள் பாதியிலேயே எழுந்து போய்விட்டீர்கள்.

பல்கலைக்கழகக் கணிப்பொறி அறையில், இயந்திரம் படிப்பதற்கான விவரங்களை அட்டைகளில் துளையிடும் பணிக்குச் சேர்ந்தவள் நான். நிரல் எழுத எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. இயந்திரத்தோடு வந்த கையேடும் ஓர் ஆங்கில அகராதியுமே என் கல்லூரி. இதைச் சொல்லும்போது அடக்கம் காட்ட வேண்டிய அவசியம் இருப்பதாக நான் என்றும் கருதியதில்லை. பெண்கள் கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்த நீங்கள், வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்து கேட்ட முதற்கேள்வி நினைவிருக்கிறது.

"ஏத்தா, ஒரு கெமிக்கல் தண்ணியில கலந்தா மக்குமா மக்காதான்னு இந்தப் பெட்டி சொல்லுமா?"

"நாம சொல்லிக் குடுத்தா சொல்லும்க்கா" என்றேன்.

நீரில் வாழும் நுண்ணுயிர்கள் எதைத் தின்று தீர்க்கும், எதைத் தீண்டாமல் விடும் என்று குப்பிகளில் வைத்துச் சோதிக்க வாரக்கணக்கில் ஆகும். மூலக்கூறின் வடிவத்தைக் கொண்டே அதை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும் என்பது நம் ஆசை. ஏற்கெனவே சோதிக்கப்பட்ட பொருள்களின் விவரங்களை ஆய்விதழ்களிலிருந்து நீங்கள் திரட்டினீர்கள். நான் மூலக்கூறின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மதிப்பெண் வகுத்தேன். நேரான கார்பன் சங்கிலிக்குக் கூட்டல். சங்கிலியிலிருந்து கிளை பிரிந்தால் நுண்ணுயிர்கள் தின்னத் திணறும், ஆகவே கழித்தல். இயந்திரம் ஒன்று என அச்சிட்டால் பொருள் மக்கும். சுழியம் என்றால் மக்காது. நீங்கள் படம் வரைந்து தருவீர்கள், நான் அதை அட்டையில் துளையிடுவேன். அதுவே நம் உடன்படிக்கை.

கப்பலூரில் சலவைத்தூள் ஆலை வைத்திருந்த முதலாளி உங்கள் மாணவி ஒருத்தியின் தந்தை. கழிவுநீரைக் குழியில் தேக்கி வைத்திருந்தார். அதிலுள்ள சலவைப்பொருள் மக்கும் என்றால் கண்மாய்க்கு வாய்க்கால் திறந்துவிடலாம் என்பது அவர் எண்ணம். நீங்கள் படம் வரைந்தீர்கள். நான் துளையிட்டேன். ஒன்று வந்தது. அவர் வாய்க்காலைத் திறந்தார்.

அடுத்த மாதம் கண்மாயின் மேல் நுரை மிதந்தது. மாடுகள் கரை வரை வந்து, முகர்ந்துவிட்டுத் திரும்பின.

நடந்தது இதுதான். எத்தனை கிளை இருந்தாலும் நீண்ட சங்கிலியை ஒரே நேர்கோடாக இழுத்துவிடுவது உங்கள் கரும்பலகைப் பழக்கம். வகுப்பில் அதனால் யாருக்கும் நட்டமில்லை. அந்த ஆலை வாங்கியதோ மலிவான வகை. அதன் சங்கிலி முழுதும் கிளைகள். தவற்றை நீங்களேதான் கண்டுபிடித்தீர்கள், அதை மறுக்கமாட்டேன். கிளைகளோடு மீண்டும் துளையிட்டேன். சுழியம் வந்தது. அந்தத் தாளை மடிப்புக் கலையாமல் எடுத்துக்கொண்டு உங்களோடு கப்பலூருக்குப் பேருந்து ஏறினேன்.

முதலாளி ஆலை வாசலில் இருந்த தேநீர்க் கடையில் நின்றிருந்தார்.

"அன்னைக்கு மக்கும்னீங்க, இப்ப மக்காதுங்கிறீங்க. என்னக்கா, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தாளை விரித்தேன். நீங்கள் என்னைக் கடந்து கண்மாய்க்கு இறங்கிப் போய், ஒரு செம்பில் நீர் மொண்டு வந்தீர்கள். மின்வெட்டால் ஆலை பல வாரங்களாக ஓடவில்லை. ஆகவே அது பழைய நீர். மக்குவதாயிருந்தால் அதற்குள் மக்கியிருக்க வேண்டும். கடைக்காரரின் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை எடுத்து, தேநீர் ஆற்றுவதைப் போலவே அந்த நீரைத் தூக்கித் தூக்கி ஆற்றினீர்கள். நுரை பொங்கி உங்கள் மணிக்கட்டில் வழிந்தது.

"யம்மா, அந்தக் கிளாசுல இனி எவன் டீ குடிப்பான்?" என்று கடைக்காரர் அலறினார்.

"நானே எடுத்துக்கிறேண்ணே, கத்தாதீங்க."

முதலாளியின் சிரிப்பு அடங்கியது. வாய்க்காலை அடைக்க அங்கேயே ஆள் அனுப்பினார். நான் தாளை நீட்டினேன்.

"அத வைங்கம்மா. கிளாசே சொல்லிருச்சுல்ல."

அக்கா, ஓராண்டு உழைப்பு! சரியான படத்தைத் தந்ததும் சரியாகவே விடை சொன்ன நிரல் அது. 'தப்பு என் படத்துல, கணிப்புல இல்ல' என்று அவ்வளவு பேர் முன்னிலையில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திரும்பும் பேருந்தில் அதைக் கேட்டேன். ஜன்னலோரம் அமர்ந்து தம்ளர்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்:

"வாய்க்கால அடைச்சாச்சு. உனக்கு இன்னும் என்னத்தா வேணும்?"

"அந்த ஒரு வார்த்த வேணும்."

"சொல்றேன், சொல்றேன். எங்க ஓடிப்போறேன்?"

ஓடித்தான் போய்விட்டீர்கள். அந்தக் கோடையிலேயே மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோயிற்று. கப்பலூரில் இன்றும் நம் நிரலைக் காய்ச்சல் கண்ட பெட்டி என்றே பேசுகிறார்களாம்.

நீங்கள் போன பின் அதில் ஒரு கட்டளையைச் சேர்த்தேன். கிளைகளைப் பற்றிய விவரம் இல்லாமல் ஓர் அட்டை வந்தால், இயந்திரம் கணிக்க மறுத்து நின்றுவிடும். கிளையே இல்லாத பொருளானாலும் 'இல்லை' என்று தனியே துளையிட்டாக வேண்டும். ஆய்வு மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள். அதை எடுத்துவிடும்படி மேலாளர் இருமுறை சொல்லிவிட்டார். அது நிற்கும்போதெல்லாம் வரிசையில் காத்திருக்கும் வேலைகள் கெடுகின்றன. அட்டைக்கட்டை வெளியே எடுத்து மறுபடி அடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கே எரிச்சல் வருகிறது.

வரட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன், அக்கா. உங்களோடு சண்டையிட எனக்கு மிஞ்சியிருக்கும் இடம் அது ஒன்றுதான்.