ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில்

சப்-ஜெயில்
12-6-1967

அன்புள்ள நாகவல்லிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. இங்கிருந்து எழுதக்கூடிய நல்ல சேதி அது ஒன்றுதான். விடிவதற்குள் போலீஸ் என்னைக் கூட்டி வந்துவிட்டதால், பொன்னியை எங்கே அடக்கம் செய்தீர்கள் என்றுகூடத் தெரியவில்லை. பெற்றவன் கையால் அதற்கு ஒரு பிடி மண் இல்லை.

நேற்று வக்கீல் பரந்தாமன் வந்தார். லட்சுமணனை நான் கொன்றதாகக் கண்ணால் கண்டவர் எவரும் கிடையாதாம். எல்லாம் சந்தர்ப்ப சாட்சியம். வரப்புத் தகராறில், "உன்ன ஏரில முழுகடிக்கல, எம்பேரு உலகநாதன் இல்ல" என்று நான் கத்தியதை ஊரே கேட்டது. செம்பரம்பாக்கம் ஏரி மதகில் அவன் பிணம் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் என் சைக்கிள் கிடந்தது. அவன் செத்த அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரைக்கும் நான் எங்கே இருந்தேன் என்று சொல்லவில்லை. இந்த மூன்றையும் கோத்தால் தூக்குக் கயிறு ஆகிவிடும் என்கிறார்.

சைக்கிளைப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பூட்டாமல் விட்டேன். எவனோ எடுத்துப் போயிருக்கிறான். யாரும் நம்பவில்லை. நீயாவது நம்பு.

உன்
உலகநாதன்


பாரிவாக்கம்
20-6-1967

என் வீட்டுக்காரருக்கு நாகவல்லி எழுதுவது.

குழந்தையை வேம்புலி மாமாதான் தூக்கிப் போனார். உங்கள் அப்பாவை வைத்த இடத்துக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

நீங்கள் கொன்றிருக்க மாட்டீர்கள். கோழி அறுக்கவே வேறு ஆளைக் கூப்பிடுகிறவர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் வேறு. பொன்னிக்கு வலிப்பு வந்ததும் நான்கு மணிக்குச் சைக்கிளை எடுத்தீர்கள். "டாக்டர இட்டுகினு அர மணில வந்துர்றேன்" என்றீர்கள். நான் ஈரத்துணி போட்டுக்கொண்டு வாசலையே பார்த்திருந்தேன். ஏழு மணிக்கு அது என் மடியில் அடங்கிவிட்டது. எட்டரைக்கு நீங்கள் தனியாக நடந்து வந்தீர்கள்.

டாக்டர் வீட்டுக்குப் போனீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

நாகவல்லி


சப்-ஜெயில்
3-7-1967

அன்புள்ள நாகவல்லிக்கு,

போனேன். டாக்டர் இல்லை. ஆறு மணிக்கு வருவார் என்றான் கம்பவுண்டர். ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே என்று கொரட்டூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அங்கே வசந்தா என்று ஒருத்தி இருக்கிறாள். எங்கள் கம்பெனியில் பேக்கிங் வேலை. இரண்டு வருஷமாகப் பழக்கம். முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். குழந்தைக்குக் காய்ச்சல், தணிந்துவிடும் என்று நினைத்தேன். எழுந்தபோது ஏழாகிவிட்டது. பூந்தமல்லியில் வந்து இறங்கினால் சைக்கிளைக் காணோம்.

செருப்பால் அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முதலில் உயிரைக் காப்பாற்று. நான் அவள் வீட்டில் இருந்தேன் என்று அவள் கூண்டில் ஏறிச் சொன்னால் கேஸ் நிற்காது. வக்கீல் குமாஸ்தா போய்க் கேட்டான். "அவுரு சம்சாரம் வந்து கூப்டட்டும், வர்றேன். இல்லாங்காட்டி நாள பின்ன நடுத்தெருல வச்சி என் மயிரப் புடிப்பாங்க" என்றாளாம்.

ஒரே ஒரு தடவை போய் வா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

உலகநாதன்


பாரிவாக்கம்
17-7-1967

கொரட்டூர் போனேன். அவள் வர மாட்டாளாம். வக்கீலிடமும் சொல்லிவிட்டேன்.

நாகவல்லி


மத்திய சிறை
14-7-1969

அன்புள்ள நாகவல்லிக்கு,

நேற்றுவரை ஆயுள் கைதி. இன்று ஐகோர்ட்டில் விடுதலை ஆகிவிட்டது என்று வக்கீல் தந்தி அடித்திருக்கிறார். சைக்கிளை வேறு ஒருவன் கொண்டுபோய்ப் போட்டிருக்க முடியாது என்று சர்க்கார் தரப்பு நிரூபிக்கவில்லையாம். நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்குத்தான் போக வேண்டுமாம். இரண்டு வருஷமும் நீ மனு கொடுத்து என்னைப் பார்க்க வரவில்லை. நான் குறை சொல்லவில்லை. அந்த வசந்தா ஒரு நாள் வந்து நின்றிருந்தால் இந்த இரண்டு வருஷமே இல்லை. அவளை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை விட்டுவிடுவார்கள். வக்கீல் வீட்டில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன். அதற்குள் நீ ஒரு காரியம் செய். நாலு பேரிடம், முக்கியமாக லட்சுமணன் சம்சாரம் பூங்காவனத்திடம், நான் செய்யவில்லை என்று சொல்லிவை. கோர்ட்டுத் தீர்ப்பை ஊர் கேட்காது. உன் வார்த்தையைக் கேட்கும்.

என்றும் உன்
உலகநாதன்


பாரிவாக்கம்
17-7-1969

உலகநாதனுக்கு,

இதை வக்கீல் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். வந்ததும் படிக்கலாம்.

வசந்தாவைத் திட்ட வேண்டாம். அன்றைக்கு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வர்றேங்க்கா. மானம் போனா போவுது, ஒரு உசுரு போவக் கூடாது" என்றாள். புடவை மாற்றிக்கொண்டு அப்போதே கிளம்பத் தயார். நான்தான், "உன் வூட்ட உட்டுப் போனப்புறம் நாந்தான் செஞ்சேன்னு அவுரே ஒத்துக்கினாரு. நீ இன்னாத்துக்கு வந்து பேரக் கெடுத்துக்குற?" என்றேன். அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. மறு வருஷம் அவள் கல்யாணமாகிப் பம்பாய் போய்விட்டாளாம். எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது.

பொன்னி போன அன்று ஆறு மணிக்கு டாக்டர் வந்தார். கம்பவுண்டரைப் போய்க் கேட்டேன். ஏழு வரைக்கும் பொன்னிக்கு மூச்சு இருந்தது. அந்தச் சாவுக்குக் கேஸ் எழுத ஸ்டேஷன் இல்லை, கூண்டு இல்லை. அதனால் இருந்த கேஸிலேயே உங்களைக் கிடக்க விட்டேன்.

நேற்று பூங்காவனம் வந்தாள். "உட்டுட்டாங்களாமே. நீ சொல்லு, உம் புருசன் செஞ்சானா இல்லியா?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

கோர்ட்டுக்குச் சந்தேகம். ஊருக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் கொல்லவில்லை என்று இங்கே நிச்சயமாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

வீடு உங்களுடையது, வாருங்கள். வேளைக்குச் சோறு போடுவேன். யார் கேட்டாலும் வாய் திறக்க மாட்டேன்.

நாகவல்லி