விளக்கு எரியும் ஓடுபாதைகள்

மார்ச் 4, செவ்வாய்

அக்கா விண்ணப்பித்த இடத்திலிருந்து பரீட்சை வந்துவிட்டது. இரவு பகலாக மருந்தும் ரத்தமும் கொண்டுபோகும் சின்ன விமான நிறுவனம். நாட்டின் விமான நிலையத் தரவு முழுவதையும் இறக்கி, பைத்தான் என்ற கணினி மொழியில் வரைபடமாக்கி, திங்களுக்குள் அனுப்ப வேண்டும். பிள்ளைகள் பிறந்ததும் வேலையை விட்டவள். இதுவும் கைநழுவினால் அடுத்த வாய்ப்பு எப்போதோ. "நான் செஞ்சு தரேன்க்கா" என்றேன். "உன் வேலையப் பாருடா" என்றாள்.

மார்ச் 5

முதல் வரைபடம். எல்லா விமான நிலையமும் நடுக்கடலில்! அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன. "கப்பல் கம்பெனிக்கு அனுப்புக்கா" என்றேன். தலையணை பறந்து வந்தது.

மார்ச் 6

புள்ளிகள் கரையேறின. நாட்டுக்கே அம்மை போட்டதுபோல் இருக்கிறது, ஆனால் அழகு. நானாக இருந்தால் இத்தோடு அனுப்பியிருப்பேன். இவள் ஓடுபாதைகளின் தரவையும் இறக்குகிறாள். எதில் விளக்கு உண்டு, எதில் இல்லை என்று அதில் இருக்கிறதாம். "ராத்திரி இறங்க முடியாத இடத்துக்கு ராத்திரி ரத்தம் எப்படிடா போகும்?"

அடடா. எனக்குத் தோன்றவே இல்லையே.

மார்ச் 8

பல இடங்களுக்கு விளக்கு விவரமே காலி. விடுவாளா? காலையிலிருந்து ஒவ்வொரு இடமாகப் போன். "ஏங்க, உங்க ஓடுபாதையில ராத்திரி லைட் எரியுமா?" ஒருவர் "யாரும்மா நீ?" என்று வைத்துவிட்டார். இன்னொருவர், "லைட்டா? இங்க மாடுதாம்மா மேயுது." தொண்டை கட்டியும் நிறுத்தவில்லை. என்ன பிறவியோ இவள்!

மார்ச் 9

இருட்டில் இறங்கக்கூடிய இடங்கள் மஞ்சள், மற்றவை சாம்பல். மஞ்சள் கொஞ்சம்தான். "இவ்வளவுதானான்னு கேப்பாங்கக்கா! எல்லாத்தையும் பளிச்னு காட்டேன், வேலை கிடைக்காமப் போயிடப் போகுது!" — கத்தியே விட்டேன்.

"இல்லாத வெளிச்சத்த எப்படிடா காட்றது?"

அனுப்பிவிட்டாள்.

மார்ச் 14

பதில் இல்லை. அவள் பாட்டுக்குத் துணி மடிக்கிறாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 21

பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டதைச் சொல்ல அக்கா இப்போது வேலை பார்க்கும் அந்த விமான நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "நீயே பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்துடுடா, கைவேலையா இருக்கேன்." குரலில் அப்படி ஒரு சிரிப்பு. மாடு மேய்ந்த இடத்துக்காரர் அவள் நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டாராம்: "நீங்க கேட்டதுலேர்ந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சும்மா. நேத்து லைட் போட்டாச்சு. மாட்டையும் விரட்டியாச்சு."

ஒரு சாம்பல் புள்ளியை மஞ்சளாக்கிக்கொண்டிருக்கிறாள்.