சுவர் குடித்த பால்

பதிவு 1. திங்கள், காலை 6:10
கொக்குமடை ஏரி, வடகரைக் கண்காணிப்பு. நீரில் சுண்ணாம்புச் சத்து வழக்கத்தில் பாதி. நடைபாதைக்காகக் கரையைச் சுற்றி எழுப்பிய உயிர்ச்சுவர் நன்றாக வளர்கிறது. நுண்ணுயிர் கலந்த கான்கிரீட். நீரிலுள்ள சுண்ணாம்பை உறிஞ்சித் தானே கல்லாகும். சத்து தீர்ந்தால் வளர்ச்சி நின்றுவிடுமாம். என் வீடு எதிர்க் குடியிருப்பில், மூன்றாம் மாடி. மகள் நிறைமதிக்கு எட்டு மாதம். தூங்குகிறாள்.

பதிவு 2. வியாழன், காலை 7:00
நத்தைகளின் ஓடு ஜவ்வாகிவிட்டது. எடுத்தால் விரலில் ஒழுகுகிறது. கொக்கு முட்டைகளுக்கு ஓடே இல்லை. தோல்பைகளாகக் கிடக்கின்றன, உள்ளே குஞ்சு அழுகி. நடக்க வருகிறவர்கள் அந்த நாற்றத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். சுவரைக் கட்டிய ஒப்பந்தப் பொறியாளர் தாமோதரனுக்கு எழுதினேன். பதில்: “கொக்கு இல்லன்னா எச்சமும் இல்ல மேடம். நடைபாதை சுத்தமா இருக்கும். சந்தோஷப்படுங்க.”

பதிவு 3. ஞாயிறு, காலை 8:20
ஏரியில் சத்து தீர்ந்தது. சுவர் வளர்வது நின்றது. நிம்மதி.
மதியம் 12:40
நிம்மதி போயிற்று. தானாக வளர்ந்த கல், சுயம்பு என்று யாரோ கிளப்பிவிட, சுவருக்கு மஞ்சள், குங்குமம், குடம் குடமாகப் பால். பாலில் இருப்பதும் சுண்ணாம்புதான் என்று பள்ளியில் படித்தவர்களே ஊற்றுகிறார்கள். காவலாளி ஏழுமலை வாக்கிடாக்கியில்: “ஊத்த ஊத்தக் குடிக்குதும்மா. நீங்களும் ஒரு பாக்கெட் கொண்டாங்க, பாப்பாவுக்கு நல்லது.” காறித் துப்பலாம் போலிருந்தது.

பதிவு 4. செவ்வாய், மாலை 4:15
பால் ஊற்றுவதைத் தடுத்தாயிற்று. சுவர் வளர்வது நிற்கவில்லை. பால் இருக்கும் பக்கமெல்லாம் ஆலமரத்து விழுதுபோல் சாம்பல் நிற விழுதாக நீள்கிறது. தேநீர்க் கடைப் பால் சட்டிக்குள் அதுதான். கடைக்குப் பின்னால் குட்டி போட்ட நாயைப் பார்த்தேன். மடியில் விழுது. கால்கள் எலும்பில்லாததுபோல் மடங்கிக் கிடந்தன. குட்டிகளைப் பார்க்கவில்லை. ஓடி வந்துவிட்டேன். தாமோதரன்: “டிசைன்ல அப்படி இல்லையே மேடம்.”

பதிவு 5. மாலை 5:50
வீட்டுப் படிக்கட்டை விழுது அடைத்துவிட்டது. கணவர் செழியன் தொலைபேசியில்: “கதவத் தெறக்காத. ஃபயர் சர்வீஸ் ஏணி வண்டியோட வந்துட்டே இருக்கோம். பாப்பா எவ்ளோ அழுதாலும் பால் மட்டும் குடுத்துடாத, கேக்குதா?”
கேட்கிறது. அவளும் அழுகிறாள்.

பதிவு 6. மாலை 6:30
இதைக் கண்டெடுப்பவருக்கு. ஏரிக்குக் கரை கட்ட வருகிறவனை நம்பாதீர்கள்.
அவள் அழ அழ எனக்குச் சுரக்கிறது. கட்டுப்படுத்த முடியவில்லை. நைட்டி நனைந்துவிட்டது. ஜன்னல் கம்பியில் இருந்த விழுது என் பக்கம் திரும்பிவிட்டது. என்னை விட்டுத் தள்ளியிருந்தால் பிழைப்பாள். எதிர் மூலையில் உட்கார வைத்தேன். பொம்மை எல்லாம் கொடுத்தேன்.
தவழ்கிறாள்.
வேண்டாம்டி. அங்கேயே இரு.
என்னிடம்தான் வரு