ஆறு கார்களும் இருபத்திரண்டு சாட்சிகளும்

ஸ்கார்வேய்,
18 டிசம்பர் 1994

அன்பு மகள் ராக்னாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறேன், இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் ஆஸ்திரேலிய வெயிலில் நலமாக இருப்பது போனில் உன் குரலைக் கேட்டபோதே தெரிந்தது. ஆனால் அந்தக் குரலில் கோபமும் இருந்தது. "சட்டமே உங்கள விட்டுடுதே அம்மா, நீங்க ஏன் வலியப் போய்ச் சொன்னீங்க" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கணக்கில் வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன், நினைவிருக்கும். அதனால் வழியையும் சேர்த்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டாம் என்று நாடு வாக்களித்துவிட்டது, அது உனக்கும் தெரியும். அதற்கு முந்தைய இரண்டு மாதம் இந்தத் தீவு எப்படி இருந்தது என்பது உனக்குத் தெரியாது. நூற்று எண்பது பேர் வாழ்கிற இடத்தில் கடையில் ரொட்டி வாங்கக்கூட இரண்டு வரிசை. உன் அண்ணன் ஓட்மார் வேண்டாம் கட்சி. சேர்ந்தால் ஸ்பெயின் கப்பல்கள் வந்து நம் காட் மீனை அடியோடு வாரிக்கொண்டு போய்விடும் என்பது அவன் பயம், படகைத் தவிர வேறு எதுவும் அறியாதவனுக்கு அது நியாயமான பயம்தான். ஆர்ன்ஃபின் வேண்டும் கட்சி. அவன் சால்மன் வளர்த்துப் புகை போட்டு விற்கிறவன், ஒன்றியத்து நாடுகளின் சுங்கவரி அவன் கழுத்தை இறுக்குகிறது, அதுவும் நியாயம்தான். இருவரும் பதினொரு ஆண்டு ஒரே படகில் போனவர்கள், ஓட்மாரின் மகனைத் தேவாலயத்தில் கையில் ஏந்தி நின்ற ஞானத்தந்தையே ஆர்ன்ஃபின்தான். அக்டோபரில் ஆர்ன்ஃபின் கடலில் சால்மன் வளர்க்கிற கூண்டின் வலை கிழிந்து ஒன்பதாயிரம் மீன் கடலுக்குப் போயிற்று. யாரோ கத்தி போட்டார்கள் என்று ஊர் பேசியது. அடுத்த வாரம் ஓட்மாரின் கார் டயர் நான்கும் குத்தப்பட்டிருந்தன. அதற்கடுத்த வாரம் ஆர்ன்ஃபின் வீட்டுச் சமையலறை ஜன்னலில் கல். குழந்தை உட்கார்ந்து சாப்பிடுகிற நாற்காலியில் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன என்று அவன் மனைவி மோல்ஃப்ரித் சொன்னாள்.

நவம்பர் 19, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு ஊர்க்கூடத்தில் விவாதம். தலைமை தாங்க என்னைக் கூப்பிட்டார்கள். இங்கே இருக்கிற இரண்டு கட்சியையும் நான்தானே எழுதப் படிக்க வைத்தேன். வாஃபிளும் காப்பியும் ஒரு மேசையில், பேச்சாளர் பட்டியல் என் மேசையில். ஆளுக்கு மூன்று நிமிடம். தொடக்கத்தில் சிரிப்பாகவே போயிற்று. படகுத்துறை ஹில்மார் எழுந்து, "ஸ்பெயின்காரன் வரட்டும், இந்தக் கூடத்துக் காப்பியை ஒரு வாய் குடிச்சா அவனே திரும்பிப் போயிருவான்" என்றார், இரண்டு பக்கமும் சிரித்தார்கள். நேரம் ஆகிவிட்டது, நான் வழக்கம்போலக் கோடு போடுவதாக அறிவித்தேன். யாருக்கு இன்னும் பேச வேண்டும், பெயர் கொடுங்கள் என்று கேட்டு, பெயர்களை எழுதிக்கொண்டு, அடியில் கோட்டை இழுத்தேன். கோட்டுக்கு மேலே இருப்பவர் பேசலாம், கீழே யாரும் வர முடியாது, அரசரே வந்தாலும். கடைசிப் பெயர் ஆர்ன்ஃபின். அவன் எழுந்து சுங்கவரியைப் பற்றி இரண்டு நிமிடம் நன்றாகவே பேசினான். மூன்றாவது நிமிடத்தில் ஓட்மாரைப் பார்த்துத் திரும்பி, "நாட்டைக் காப்பாத்துறேன்னு சொல்றவன் ராத்திரியில கத்தியோட என் கூண்டுக்கு வந்தான். பதினொரு வருஷம் என் கையால சோறு தின்னவன்" என்றான். ஓட்மார் கை தூக்கினான். "அம்மா, ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம்" என்றான். கூடம் முழுவதும் என்னைப் பார்த்தது. வேறு யாருடைய பிள்ளையாக இருந்தாலும் நான் விட்டிருப்பேனோ என்னவோ. என் பிள்ளை என்பதால் விடக்கூடாது என்று நினைத்தேன். கோடு போட்டாயிற்று, கூட்டம் முடிந்தது என்று சொல்லி மேசையைத் தட்டினேன். பின்னால் யாரோ, "பெத்தவளே வாயை மூடிட்டா பாரு" என்று சிரித்தார்கள். நாற்பது ஆண்டு வேலையில் நான் பல தவறுகள் செய்திருக்கிறேன் ராக்னா, இதுதான் பெரியது. எட்டு நாள் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்தின் முக்குளிப்பவர் வந்து பார்த்துவிட்டு, கத்தியே படவில்லை, இரும்புக் கொக்கி உரசி உரசி வலை தேய்ந்து அறுந்திருக்கிறது என்றார்.

நான் காப்பிக் கோப்பைகளைக் கழுவப் போட்டுவிட்டுக் காகிதங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே இரும்பு தட்டுகிற ஓசை. படியில் உறைந்த பனியை யாரோ கடப்பாரையால் உடைக்கிறார்கள், கிழவர்கள் வழுக்கி விழாமல் இருக்க, பொறுப்பான பிள்ளைகள் என்று நினைத்தேன். கதவைத் திறந்தேன். ஆர்ன்ஃபின் முழங்காலில் இருந்தான். வாயிலிருந்து இரத்தம் கயிறு மாதிரித் தொங்கியது. வலது கையைத் தலைக்கு மேல் மறைப்பாகப் பிடித்திருந்தான், கதவோரம் எப்போதும் சாய்ந்திருக்கும் அந்தக் கடப்பாரையால் ஓட்மார் அந்தக் கையின் மேலேயே அடித்தான், ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது அடி தாடையில். எலும்பு உடைவது பனிக்கட்டி உடைவது போலத்தான் கேட்கிறது, அதை இந்த வயதில் நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டாம். சுற்றி இருபத்திரண்டு பேர் நின்றார்கள். ஒருவன், ஒன்றியத்தின் தலைமையிடத்தைச் சொல்லி, "இது பிரஸ்ஸல்ஸுக்கு, இன்னொண்ணு போடு" என்றான். நான் ஓட்மாரின் பெயரைச் சொல்லிக் கத்தினேன், வகுப்பில் கத்துகிற அதே குரலில். அவன் நிறுத்திவிட்டு, கடப்பாரையைச் சுவரில் பத்திரமாகச் சாய்த்து வைத்தான். ஆம்புலன்ஸ் படகு வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை ஆர்ன்ஃபின் தலை என் மடியில் இருந்தது. என் சாம்பல் நிறக் கோட்டைத் துவைத்துப் பார்த்தேன், கறை போகவில்லை.

போலீஸ் அதிகாரி இரண்டு நாள் தங்கி எல்லோரையும் விசாரித்தார். ஆர்ன்ஃபின் மீன் வெட்டும் கத்தியோடு பாய்ந்தான், நான் தடுத்தேன் என்று உன் அண்ணன் எழுதிக் கொடுத்திருந்தான். மற்றவர்கள் எதையும் பார்க்கவில்லை. இருபத்திரண்டு பேரும் அந்த நேரத்தில் கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டு திரும்பி நின்றார்களாம். அதிகாரி என் சமையலறையில் உட்கார்ந்து, "அன்னைக்கு அங்க நின்னது ஆறு கார், டீச்சர். ஒரு கண்ணாடிக்கு நாலு பேர் விழுந்து சுரண்டின ஊரை நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றார். பிறகு குறிப்பேட்டை மூடிவிட்டு, "நீங்க தாய். பெத்த பிள்ளைக்கு எதிரா சாட்சி சொல்லச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. பேசாம இருக்கலாம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் தொடக்கத்தில் மருத்துவமனைக்குப் போய் ஆர்ன்ஃபினைப் பார்த்தேன். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், குழாயில் சூப் குடிக்கிறான். வலது கையில் மூன்று விரல் இனி மடங்காதாம். இடது கையால் ஒரு தாளில் எழுதிக் காட்டினான், முதல் வகுப்பில் எழுதிய அதே கோணல் எழுத்து. "வழுக்கி விழுந்தேன். போலீசிடமும் அப்படித்தான் சொன்னேன்." எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பழைய நட்பு இன்னும் இருக்கிறது என்று நினைத்தேன். மோல்ஃப்ரித் என்னை அறைக்கு வெளியே நடைக்கூடத்துக்கு இழுத்து வந்தாள். "அழாதீங்க டீச்சர், அவரு ஒண்ணும் பெரிய மனசு பண்ணல. பயப்படுறாரு. நாளைக்கு அந்த ஊர்ல நாங்க குடியிருக்கணும்ல? ஜன்னலுக்கு இன்னும் பலகைதான் அடிச்சிருக்கு. கத்திக்காரன் பொண்ணுன்னு பள்ளிக்கூடத்துல எம்மக மேல துப்புறாங்க" என்றாள். கத்தியே இல்லை ராக்னா. அது என் மகன் எழுதிக் கொடுத்த கத்தி. அதைத்தான் அந்த எட்டு வயதுப் பெண்ணின் மேல் துப்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உனக்கு ஆறு வயதில் தூண்டில் முள் கட்டைவிரலில் ஏறியது. நீ பின்னுக்கு இழுத்தாய், அது இன்னும் கிழித்தது. அப்பா உன் கையைப் பிடித்து, முள்ளை முன்பக்கமாகவே தள்ளி, முனையைத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, அதிலிருந்த எதிர்முள்ளை வெட்டிவிட்டுப் பிறகு உருவினார். நீ அலறிய அலறலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். ஆனால் விரல் பிழைத்தது. நான் பேசாமல் இருந்தால் உன் அண்ணன் தப்பித்திருப்பான், அந்தப் பொய்யையும் உள்ளேயே வைத்துக்கொண்டு நடந்திருப்பான், அடித்த பிறகு கடப்பாரையை ஒழுங்காகச் சாய்த்து வைத்த அதே நிதானத்தோடு. அந்த நிதானம்தான் எனக்குப் பயம்.

அவனிடம் சொல்லாமல் போகக் கூடாது என்று டிசம்பர் 6 அன்று வரச் சொன்னேன். காப்பி ஊற்றிவிட்டுச் சொன்னேன். அவன் காப்பி இருந்த கண்ணாடிக் கெண்டியைச் சுவரில் அடித்தான், அப்பாவின் ரேடியோவைத் தூக்கித் தரையில் போட்டான், என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, "அன்னைக்கு ஒரு நிமிஷம் தரல, இன்னைக்கு வருஷக்கணக்காத் தர்றீங்களா" என்றான். அது நியாயமான கேள்வி, இரண்டும் என் கையால் நடந்ததுதான் என்று சொன்னேன். விட்டுவிட்டான். குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினான், ஒன்றுவிடாமல். போகும்போது, "இனிமே எனக்கு அம்மா இல்ல" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினான். மறுநாள் படகில் போய் நான்கு பக்கம் வாக்குமூலம் கொடுத்தேன், கோடு போட்டதையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன், அதிகாரி அது தேவையில்லை என்றார், தேவை என்றேன். வியாழக்கிழமை அவனை அழைத்துப் போனார்கள். எத்தனை ஆண்டு தண்டனை என்பது வசந்தத்தில்தான் தெரியும். மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது, வீக்கம் வடிகிறது, நீ கவலைப்படாதே. கடையில் யாரும் என்னோடு பேசுவதில்லை, வேண்டும் கட்சிக்காரர்களும்தான். பள்ளிக்கூடத்தில் துப்புவது நின்றுவிட்டது என்று மோல்ஃப்ரித் ஒரு வரி எழுதியிருந்தாள்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை சிறைக்குப் போனேன். பார்க்க வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். ஒரு மணி நேரம் அந்த அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். வருகிற வெள்ளிக்கிழமையும் போவேன்.

சின்னவளுக்குக் காது வலி என்றாயே, காற்றில் விடாதே, தொப்பி போடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் சேர்ந்து இருக்கவேண்டும், கடவுள் உங்களோடு இருப்பார். ஒன்றை மட்டும் மறக்காதே. அண்ணனுக்கு எழுது, இந்த வாரமே எழுது. உன் கடிதத்தை அவன் பிரிப்பான். என்னைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம், எனக்காகப் பரிந்து பேசாதே. சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேள். அவன் என்ன பதில் எழுதினாலும் அதை எனக்குச் சொல்லவேண்டாம், பதில் வந்தது என்று மட்டும் சொல்.

உங்கள் இருவரையும் பெற்ற,
குன்வோர்