கருப்பர் கிடா தாண்டிய வேலி

ஆகஸ்ட் 4
எல்லாப் பெட்டை ஆட்டுக்கும் பஞ்சு வைத்தாயிற்று! கல்லலிலிருந்து வந்த கால்நடை டாக்டரம்மா வைத்தார். மருந்துப் பஞ்சாம். அதை எடுத்ததும் எல்லாம் ஒன்றாகப் பருவத்துக்கு வருமாம். ஒரே நாளில் சினை ஊசி, ஒரே சமயத்தில் குட்டி. என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆட்டுக்குமா முகூர்த்தம் குறிக்கிறீக, டாக்டரம்மா?" சிரிக்கட்டும். இந்தத் தடவையும் குட்டி ஏய்த்துவிட்டால் ஆட்டை விற்றுவிட்டுத் திருப்பூருக்குக் குடிபோவதாம். எனக்குத் திருப்பூர் வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

ஆகஸ்ட் 9
தினமும் வாலைத் தூக்கிப் பார்க்கிறேன். பஞ்சு பத்திரம். ஆடுகளுக்குத்தான் என் மேல் கோபம்.

ஆகஸ்ட் 17
பஞ்சை எடுத்தாயிற்று. ஊசி நாளை மறுநாள். "அதுவரைக்கும் ஒரு கிடாகூடக் கிட்ட வரக்கூடாது" என்றார் டாக்டரம்மா. எங்கள் கிடாவை அண்ணன் வீட்டில் விட்டு வந்தோம். வந்து உட்கார்ந்த பிறகுதான் — ஐயோ, கருப்பர் கிடா! கோயிலுக்கு நேர்ந்துவிட்டது, கரிக்கட்டை நிறம், ஊரெல்லாம் திரிவது. கட்டக் கூடாது, விரட்டக் கூடாது, சாமி குத்தம். ஊரில் எத்தனை கிடா என்று டாக்டரம்மா கேட்டதற்கு ஒன்றுதான் என்றேனே! சாமியை யார் கிடாவோடு சேர்த்து எண்ணுவார்கள்?

ஆகஸ்ட் 18
எழுத முடியவில்லை, சிரிப்பு. பட்டி முழுக்க வாலாட்டமும் கத்தலும். கருப்பர் கிடா விடிந்ததும் ஆஜர். அன்றைக்குச் சிரித்த அதே மனுஷன் கைகூப்பி நிற்கிறார். "சாமி, இங்குட்டு வராதீக. ஒரே ஒரு நாளு, அங்குட்டுப் போயிருங்க." வாழைப்பழம் கொடுத்தார். தின்றது, போகவில்லை. வேறு வழியில்லாமல் தரையில் விழுந்து கும்பிட்டார். கிடா அவரையும் தாண்டி, வேலியையும் தாண்டி, நேரே எங்கள் பெட்டை வெள்ளச்சியிடம்! மற்ற ஆட்டையெல்லாம் வீட்டுக்குள் ஓட்டிக் கதவைச் சாத்தினோம். கட்டில் மேல் இரண்டு.

ஆகஸ்ட் 19
வெள்ளச்சி தவிர எல்லாவற்றுக்கும் ஊசி போட்டாயிற்று. செவலைக் கிடாவின் வித்து, குட்டியும் செவலையாக விழுமாம்.

செப்டம்பர் 10
ஒன்றுகூட மறுபடி பருவத்துக்கு வரவில்லை, சினை பிடித்திருக்கும் போல. சத்தம் போட்டுச் சொல்லமாட்டேன்.

டிசம்பர் 21
எல்லாம் சினை! ஆனால் இவர் என்ன சொல்கிறார்? "குட்டியோட வித்தா இன்னும் நல்லாப் போகும். பொங்கல் முடிஞ்சதும் கெளம்புவோம், சத்யா." அடப் பாவி மனுஷா! அப்போ நான் எதுக்குய்யா வாலைத் தூக்கித் தூக்கிப் பாத்தேன்?

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்
நேற்றுத் தொடங்கியது, குட்டி மேல் குட்டி! அத்தனையும் செவலை. வெள்ளச்சிக்கு மட்டும் கன்னங்கரேலென்று ஒரு கிடாக்குட்டி. திருப்பூரில் வேலை பார்க்கும் இவருடைய மச்சான் போன் செய்தார், எப்போது வருகிறீர்கள் என்று. இவர் மடியில் கருப்புக் குட்டி. "எங்குட்டு வர்றது? சாமி புள்ளைய விக்கவும் முடியாது, விட்டுட்டு வரவும் முடியாது." போனை வைத்துவிட்டுக் குட்டியிடம் குனிந்தார்.

"பாலு குடிச்சீகளா?"